வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் புதிய நூல்கள்: எப்படித் தெரிந்துகொள்வது, எப்படிப் படிப்பது?

மெல்லிசை ஆய்வு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். 1970 முதல் 1995 வரை மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் இயங்கிய மெல்லிசைக் குழுக்கள்தான் என் தலைப்பு. மாரியம்மன் கோயில் திருவிழா, கல்யாண வீடு, கட்சி மாநாடு என்று மேடையேறிய பாடகிகள் பத்துப் பேரிடம் இதுவரை பேசியிருக்கிறேன். பலருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

போன மாதம் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். முடிந்து கீழே இறங்கியதும் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர், "அமாண்டா வைட்மன் புத்தகத்தை நீங்கள் பார்க்கவே இல்லையா? நீங்கள் பேசுகிற விஷயம்தானே அது" என்று கேட்டார். அந்தப் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். தமிழ் சினிமாவின் பின்னணிப் பாடகர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம், 2021இல் வந்திருக்கிறது. இதே பொருளில் மூன்று வருடமாக உழைக்கிற எனக்குத் தெரியவில்லை. ராத்திரி பஸ்ஸில் திரும்பி வரும்போது அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

ஆன்லைன் கடையில் விலையைப் பார்த்தேன். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்குப் பண்ணிச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது கட்டுப்படியாகாது. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் திருட்டுப் பிடிஎஃப் தேடித் தருகிறேன் என்றார். மனசு ஒப்பவில்லை.

நான் கேட்க நினைப்பது இதுதான். நம் ஊரைப் பற்றி, நம் மொழியைப் பற்றி வெளிநாட்டுப் பதிப்பகங்களில் புத்தகம் வரும்போது என்னைப் போல ஒதுக்குப்புறத்தில் இருப்பவர்கள் அதை எப்படித் தெரிந்துகொள்வது? நேர்வழியில் படிக்க ஏதாவது வகை உண்டா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். எங்கள் துறையில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ஒருவருக்கு, "உங்கள் ஆய்வேட்டைப் பதினைந்து நாளில் புத்தகமாகப் போடுகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள்" என்று வெளிநாட்டுப் பெயருள்ள ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் கட்டியும் விட்டார். அதை நம்பலாமா?

---

வைகைக்கரை எழுதியது:

வைட்மனின் 'பிராட் டு லைஃப் பை தி வாய்ஸ்' புத்தகத்தைத்தானே சொல்கிறீர்கள்? அதற்குக் காசே வேண்டாம் அக்கா. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் லூமினோஸ் தளத்தில் முழுப் புத்தகமும் இலவசமாகக் கிடக்கிறது. பதிப்பகமே சட்டப்படி திறந்து வைத்திருப்பது, தைரியமாக இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்தது அச்சுப் பிரதியின் விலை. கடைத் தளங்கள் இலவசப் பதிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை.

---

பழைய நூலகர் எழுதியது:

அம்மா, வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பதிவைக் காலையில் படித்தேன். பஸ்ஸில் அழுததாக எழுதியிருந்தீர்களே, அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தப்பு உங்களுடையது இல்லை. இப்படி ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்று உங்கள் மேசைக்குத் தகவல் கொண்டுவந்து சேர்க்கத்தான் நூலகர் என்று ஒரு பதவியே வைத்தார்கள். பல கல்லூரிகளில் அந்த நாற்காலி வருடக்கணக்காகக் காலியாக இருக்கிறது.

எங்கள் காலத்தில் பதிப்பகங்களின் கேட்டலாக் தபாலில் வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களிலிருந்து வருடத்துக்கு இரண்டு: வசந்தப் பருவத்துக்கு ஒன்று, இலையுதிர்ப் பருவத்துக்கு ஒன்று. உறையைப் பிரித்த உடனே தெற்காசியா பக்கத்துக்குப் போவேன். நமக்கு ஆகிறதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கத்தரித்து, அட்டையில் ஒட்டி, வரலாற்றுத் துறைக்கு ஒன்று, தமிழ்த் துறைக்கு ஒன்று என்று அட்டெண்டர் கையில் கொடுத்தனுப்புவேன். வாங்கப் பெரும்பாலும் நிதி இருக்காது. ஆனாலும் ஆசிரியருக்குப் பெயராவது தெரிந்திருக்கும். சென்னைக்கு ஒரு வேலையாகப் போகும்போது கன்னிமாராவில் தேடிப் பார்ப்பார். பெயர் தெரிவதுதான் முதல் படி.

நீங்கள் குறிப்பிட்ட பதிப்பகத்தையே எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1893இல் தொடங்கியது. தமிழ்நாட்டைப் பற்றி அவர்கள் போட்ட புத்தகங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு தனி அலமாரி ஆகும். 1969இல் மட்டும் இரண்டு. யூஜின் இர்ஷிக் பிராமணரல்லாதார் இயக்கத்தைப் பற்றி எழுதியது ஒன்று, ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்களைப் பற்றி எழுதியது இன்னொன்று. எங்கள் நூலகத்தில் ஹார்ட்கிரேவ் புத்தகத்தின் அட்டையை மூன்று தடவை பைண்டிங் செய்தோம். விருதுநகர், சிவகாசியிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் அதில் தங்கள் தாத்தா காலத்துச் சண்டைகளைத் தேடி விரல் வைத்துப் படிப்பார்கள். 1975இல் ஜார்ஜ் ஹார்ட் சங்கப் பாடல்களைப் பற்றி எழுதியது வந்தது. 1984இல் வாலன்டைன் டேனியல் எழுதிய 'ஃப்ளூயிட் சைன்ஸ்'. 'ஊர்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு தூரம் போகிறார் என்று படித்துப் பாருங்கள். மண்ணும் மனுஷனும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவது பற்றி நம் பாட்டிமார் சொல்வதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர். 1990இல் மார்கரெட் டிராவிக், ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கி, திருக்கோவையார் பாடம் கேட்டபடியே அந்த வீட்டின் அன்பைப் பற்றி எழுதிய புத்தகம். என் மனைவிக்கு அதில் ஓரிரண்டு பக்கங்களை மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள்.

1997இல் சுமதி ராமசுவாமியின் 'பேஷன்ஸ் ஆஃப் தி டங்'. தமிழ்ப்பற்று என்ற உணர்வுக்கு ஒரு வரலாறு. துணைத்தலைப்பில் 1891–1970 என்று இருக்கும். 1891 மனோன்மணீயம் வெளியான வருடம். அதிலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தை அரசு விழாக்களில் பாட வேண்டும் என்று தமிழக அரசு முடிவெடுத்தது 1970. ஒரு பாட்டு அச்சேறிய நாளிலிருந்து அரசுப் பாட்டான நாள் வரைக்கும் நீள்கிற கதை என்று நான் அதை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவேன்.

இந்தப் புத்தகத்தையும் நீங்கள் இலவசமாகவே படிக்கலாம். லூமினோஸ் வருவதற்கு வெகுகாலம் முன்னாலேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் நூலகம், பதிப்பகத்தின் பழைய நூல்களை மின்னூலாக்கி வைத்தது. அதில் எழுநூறுக்கும் மேற்பட்டவை எல்லாருக்கும் திறந்தவை. சுமதி ராமசுவாமியின் இந்த நூலும், செங்கல்பட்டுப் பகுதியின் நிலவரலாற்றைச் சொல்லும் இர்ஷிக்கின் 'டயலாக் அண்ட் ஹிஸ்டரி'யும் அங்கே இருக்கின்றன. தேடுபொறியில் புத்தகத்தின் பெயரோடு கலிஃபோர்னியா டிஜிட்டல் நூலகம் என்று சேர்த்துத் தேடினால் கிடைக்கும்.

லூமினோஸ் 2015இல் தொடங்கியது. ஒரு புத்தகத்தைத் தயாரிக்க ஆகிற செலவைப் பதிப்பகம், எழுதியவர் வேலை செய்யும் பல்கலைக்கழகம், திட்டத்தில் சேர்ந்த நூலகங்கள் என்று பங்குபோட்டுக்கொள்கிறார்கள். படிப்பவர் ஒன்றும் தர வேண்டாம். அச்சில் வேண்டுபவர் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மற்றப் புத்தகங்களைப் போலவே இதற்கும் துறை அறிஞர்களின் மதிப்பீடு உண்டு. இலவசம் என்பதால் தரம் குறைவு என்று உங்கள் துறையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்மொழித் தேர்வில் அப்படி ஒரு கேள்வி வந்தாலும் வரும்.

அதே லூமினோஸில் 2017இல் எலைன் ஃபிஷர் எழுதிய 'ஹிந்து ப்ளூரலிசம்' வந்தது. நான் மதுரைக்காரன், அதனால் இதை நாலு வரி கூடுதலாகச் சொல்கிறேன். பதினேழாம் நூற்றாண்டு, நாயக்கர் காலத்து மதுரை. சமஸ்கிருதக் கவிஞர் நீலகண்ட தீட்சிதரைச் சுற்றி இருந்த ஸ்மார்த்த சைவர்கள் தங்களுக்கு எப்படி ஒரு பொது முகத்தை அமைத்துக்கொண்டார்கள் என்று விரிவாகப் போகிறார். அதில் ஒரு அத்தியாயம் முழுக்கத் திருவிளையாடல் கதைகள். பிட்டுக்கு மண் சுமந்ததும் வளையல் விற்றதும் புராணப் புத்தகத்திலிருந்து கோயில் சுவருக்கும் தெருத் திருவிழாவுக்கும் எப்படி வந்து சேர்ந்தன என்பதைக் காட்டுகிறார். ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்புக்கு நான் சின்ன வயசிலிருந்து போய் வருகிறேன். அந்த அத்தியாயத்தைப் படித்த வருடம் போனபோது நின்று பார்த்த நேரம் அதிகம்.

புதுப் புத்தகங்களை எப்படிப் பின்தொடர்வது என்று கேட்டீர்கள். நான் இன்றைக்கும் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பதிப்பகத்தின் தளத்திலும் துறைவாரியாக மின்னஞ்சல் செய்திமடல் உண்டு. 'ஏசியன் ஸ்டடீஸ்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் டிக் அடித்தால் படிக்காமலே விட்டுவிடுவீர்கள். வெளிவரப் போகும் நூல்களின் பக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். பிறகு, ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா, சிகாகோ, கொலம்பியா மூன்று பதிப்பகங்களும் சேர்ந்து 'சவுத் ஏசியா அக்ராஸ் தி டிசிப்ளின்ஸ்' என்று ஒரு வரிசை நடத்தின. கம்பெனி காலத்து அரசு அலுவலக எழுத்தர்களைப் பற்றிப் பவானி ராமன் எழுதிய 'டாக்குமெண்ட் ராஜ்', மேலே சொன்ன ஃபிஷர் நூல் இரண்டும் அதில் வந்தவை. இரண்டுமே அவரவரின் முதல் புத்தகம். ஆய்வு மாணவியான உங்களுக்கு அந்த விவரம் உதவும். ஒரு ஆய்வேடு எப்படிப் புத்தகமாக வளர்கிறது என்பதை அங்கே பார்க்கலாம்.

விலை கொடுத்து வாங்க வேண்டியது என்றால் இந்தியப் பதிப்பு வருகிறதா என்று பொறுத்துப் பாருங்கள். 'டாக்குமெண்ட் ராஜ்' இங்கே பெர்மனென்ட் பிளாக் வழியாகவும், ரூபா விஸ்வநாத்தின் 'தி பறையா ப்ராப்ளம்' நவயானா வழியாகவும் வந்தன. முதலில் வருகிற கெட்டி அட்டைப் பதிப்பின் விலை நூலகங்களை மனசில் வைத்துப் போடுவது. அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

மற்றப் பதிப்பகங்களிலும் திறந்த நூல்கள் வருகின்றன. சங்க இலக்கியச் சுவடிகளைப் பற்றி ஏவா வில்டன் எழுதியது டி குரூய்ட்டரில் (2014), வீரமாமுனிவர் காலத்துக் கத்தோலிக்கத் தமிழைப் பற்றி மார்கெரித்தா திரெந்தோ எழுதியது பிரில்லில் (2022), இரண்டும் இலவசம். திறந்த நூல்களுக்கென்றே டிஓஏபி என்று ஒரு பொது அட்டவணை இருக்கிறது. அதில் 'தமிழ்' என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

எழுத்தாளர்களைப் பற்றிய செய்திகளையும் விடாதீர்கள். யாருக்குப் பரிசு, யார் எந்த ஊருக்கு மாறினார், யார் அடுத்து என்ன எழுதுகிறார் என்பதெல்லாம் வெறும் ஊர்வம்பு இல்லை. ஒன்று சொல்கிறேன். பெர்னார்ட் பேட் என்ற மானுடவியலாளர் மதுரையில் தங்கி மேடைப் பேச்சைப் படித்தவர். திராவிட இயக்க மேடைத் தமிழைப் பற்றிய அவருடைய முதல் நூலைக் கொலம்பியா 2009இல் போட்டது. இரண்டாவது நூலை எழுதிக்கொண்டிருக்கும்போதே 2016இல் காலமாகிவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று, அவ்வளவுதான், அந்தப் புத்தகம் இனி வராது என்று நினைத்தேன். இ. அண்ணாமலை, பிரான்சிஸ் கோடி, மலர்விழி ஜெயந்த், கான்ஸ்டன்டைன் நகாசிஸ் என்று நாலு பேர் அவர் விட்டுப்போன அத்தியாயங்களையும் கட்டுரைகளையும் சேர்த்துத் தொகுத்தார்கள். 2021இல் ஸ்டான்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்டது. பாதிரிமாரின் பிரசங்கத்திலிருந்து, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847இல் ஆறுமுக நாவலர் தொடங்கிய பிரசங்கம் வழியாக, சுதேசிக் காலத்துக் கடற்கரைக் கூட்டம் வரை பொதுமேடைத் தமிழ் எப்படி வளர்ந்தது என்பதுதான் பொருள். மேடையில் பாடியவர்களைப் பற்றி எழுதுகிற நீங்கள் மேடையில் பேசியவர்களைப் பற்றிய இந்தப் புத்தகத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கியும் பந்தலும் கூட்டமும் இரண்டுக்கும் பொதுதானே.

கடைசியாக, சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்ததிலிருந்து வளர்ந்தது. சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் அங்கே ஏராளம். உங்கள் பாடகிகள் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தது அந்தப் புத்தகங்களைத்தான்.

---

புரூஃப் மேசை எழுதியது:

நூலகர் ஐயா எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் போல இருந்தது. புதுச்சேரியில் ஒரு டைப்செட்டிங் நிறுவனத்தில் பதினாலு வருடம் புரூஃப் பார்த்தேன். அமெரிக்க, ஐரோப்பியக் கல்விப் பதிப்பகங்களின் புத்தகங்களில் பெரிய பங்கு சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் பக்கம் அமைக்கப்படுகிறது என்பது வாசகர்கள் பலருக்குத் தெரியாது. அட்டைக்கு அடுத்த உரிமைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் சில சமயம் ஊர்ப் பெயர் இருக்கும். நான் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

அக்கா கேட்ட மூன்றாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். பதினைந்து நாளில் ஒரு ஆய்வு நூல் வரவே வராது. முறையான பதிப்பகத்தில் முதலில் நூலின் திட்ட வரைவைக் கேட்பார்கள். ஆசிரியர் குழுவில் ஒருவருக்குப் பிடித்தால் கைப்பிரதியைத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். அவர்கள் பக்கம் பக்கமாகக் குறை எழுதித் தருவார்கள். திருத்தி எழுதிய பிறகு குழு கூடி ஒப்புதல் கொடுக்கும். அப்புறம் காப்பி எடிட்டிங். அதற்கும் பிறகுதான் கோப்பு எங்களிடம் வரும். பக்கம் அமைத்து முதல் புரூஃப் அனுப்புவோம், ஓரத்தில் எழுதியவருக்கான கேள்விகள் வரிசையாக இருக்கும். இந்த ஆண்டு சரியா, உசாத்துணையில் இந்தப் பெயர் இல்லையே, இந்த மேற்கோள் எந்தப் பக்கம் என்று. அது திரும்பி வந்ததும் பொருளடைவு தயாராகும். கைப்பிரதி கொடுத்த நாளிலிருந்து வருடக்கணக்காகும். இந்த வேலை எதுவும் செய்யாமல் பணம் கேட்டு எழுதுகிறவர்கள், உங்கள் ஆய்வேட்டை அப்படியே அட்டை போட்டுத் தருவார்கள். அது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை ஏற்றி வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் எப்படியும் எல்லாருக்கும் கிடைக்கப் போகிறது. அதற்கு நீங்கள் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

இங்கே ஒரு குழப்பம் வரும், சொல்லிவிடுகிறேன். லூமினோஸ் மாதிரித் திட்டங்களிலும் எழுதியவர் பக்கத்திலிருந்து பணம் போகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா என்று என் தங்கை கேட்டாள். ஒன்றில்லை. அங்கே மதிப்பீடு முடிந்து, நூல் ஏற்கப்பட்ட பிறகுதான் செலவுப் பேச்சு. அதையும் பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான் கொடுக்கிறது. மதிப்பீட்டுக்கு முன்னால் யார் பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டைப் பற்றிய ஒரு நூல் ஒரு தடவை என் மேசைக்கு வந்தது. ஊர்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் மேலே கோடு, கீழே புள்ளி போட்டு எழுதியிருந்தார்கள். எழுத்துரு மாற்றும்போது புள்ளிகள் பல இடத்தில் விழுந்துவிட்டன. மென்பொருள் அதைப் பிழையாகக் காட்டவில்லை. எனக்கு அந்த ஊர்கள் தெரியும் என்பதால் ளகரம் லகரமாகியிருந்த இடங்கள் கண்ணில் பட்டன. நாற்பதுக்கும் மேல் பிடித்துத் திருத்தினேன். அச்சான பிரதி எங்களுக்கு வராது. ஆனால் அந்த ஊர்ப் பெயர்கள் சரியாக அச்சாகியிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இப்போதும் நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

அக்கா, உங்கள் ஆய்வேட்டைப் பின்னால் புத்தகமாக்கும்போது இலக்கிய மதிப்பாய்வு அத்தியாயத்தைத் தூக்கிவிடுங்கள். முன்னோர் ஆய்வுகள் என்று முப்பது பக்கம் பட்டியல் போடுவது தேர்வாளருக்காக எழுதுவது. வாசகருக்கு அந்தப் பாடகிகள்தான் வேண்டும்.

---

தென்கரை வாசகர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் எதற்கெடுத்தாலும் கலிஃபோர்னியா, சிகாகோ என்று பார்த்துக்கொண்டிருந்தால் தமிழிலேயே வருகிற ஆய்வு நூல்களை யார் கவனிப்பது? 2024க்கான தமிழ் சாகித்திய அகாதெமி விருது ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்குக் கிடைத்தது. நாவலுக்கோ கவிதைக்கோ இல்லை, ஆவணக் காப்பகங்களில் தேடித் தேடி எழுதிய வரலாற்று ஆய்வுக்கு. போட்டது நாகர்கோவில் காலச்சுவடு. அந்த விலைக்கு நம்மால் வாங்கவும் முடியும். மெல்லிசைக் குழுக்களைப் பற்றிய புத்தகமும் தமிழில்தான் வர வேண்டும். அந்தப் பாடகிகளே படிக்கிற மாதிரி இருக்க வேண்டாமா?

---

பழைய நூலகர் எழுதியது:

தம்பி சொல்வதில் எனக்கு மறுப்பே கிடையாது. அந்த விருதுச் செய்தி வந்த அன்று என் பழைய நூலகத்துக்கு நானே போன் போட்டு, நூலைப் புதிய வரவு அலமாரியில் முகம் தெரிய வைக்கச் சொன்னேன். அம்மா தமிழில்தான் எழுத வேண்டும், அதுதான் என் ஆசையும். ஆனால் அதற்காகவே வைட்மனைப் படித்தாக வேண்டும். தெரியாமல் எழுதினால் அவர் சொன்னதையே திரும்பச் சொல்லிவிடுவோம். படித்துவிட்டு எழுதினால் அவர் போகாத இடத்துக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. இலவச நூல் என்றாலும் உரிமைப் பக்கத்தில் என்ன உரிமம் என்று பார்க்க வேண்டும். மாற்றங்கள் கூடாது என்று இருந்தால், மொழிபெயர்த்து வெளியிடப் பதிப்பகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். மேற்கோள் காட்டவும் மதிப்புரை எழுதவும் யாரிடமும் கேட்க வேண்டாம். படித்து முடித்ததும் தமிழில் ஒரு மதிப்புரை எழுதுங்கள் அம்மா. இந்த மாதிரி நூல்களுக்கு ஆங்கிலத்தில் மதிப்புரை வரும். நம் மக்களிடம் கேட்டு எழுதிய நூல் நம் மொழியில் பேசப்படாமலே போய்விடுகிறது. முப்பத்தொரு வருடமும் எனக்கு இருந்த ஒரே மனக்குறை அதுதான்.

---

மெல்லிசை ஆய்வு எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தேர்வுத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது.

வைகைக்கரை, நீங்கள் சொன்ன அன்றே இறக்கிவிட்டேன். போனில் படிக்கக் கண் வலித்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேண்டிய அத்தியாயங்களை மட்டும் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் செய்துகொண்டேன். கடைக்காரம்மா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சினிமாப் பாட்டுப் பாடுனவங்களைப் பத்தி இங்கிலீஷ்ல புக்கா?" என்று கேட்டு, ஐந்து நிமிஷம் புரட்டிக்கொண்டே இருந்தார்.

எல்.ஆர். ஈஸ்வரியைப் பற்றிய அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். நடன விடுதிப் பாட்டுக்கும் அம்மன் பாட்டுக்கும் ஒரே குரல் எப்படிப் பொருந்தியது என்பதை அவர் சொல்கிற விதத்தில் நான் யோசித்ததே இல்லை. பாடும்போது உடம்பை அசைக்காமல் மைக் முன்னால் நிற்பது என்பது நல்ல பெண் என்று காட்டிக்கொள்வதற்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறார். என் பாடகிகளில் நாலு பேர் இதை அவரவர் வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், "கை ஆடுச்சுன்னா அப்பா கீழ இருந்து முறைப்பாரு" என்றார். அதை வெறும் வீட்டுக் கண்டிப்பு என்று குறித்து வைத்திருந்தேன். இப்போது குறிப்பேட்டைத் திரும்ப எடுத்து எல்லாவற்றையும் மறுபடி படிக்கிறேன்.

நூலகர் ஐயா, அவர் போகாத இடம் என்றீர்களே, ஒன்று கண்ணில் படுகிறது. அவர் பெரிதும் பேசுவது சென்னையில் பதிவுக்கூடத்தில் பாடியவர்களைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு குரல், அந்தக் குரலுக்கு ஒரு பெயர். எங்கள் ஊர்க் குழுவில் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான் இருப்பார். அவரே சுசீலா வாய்ஸ், அவரே ஈஸ்வரி வாய்ஸ், அவரே ஜானகி வாய்ஸ். ஒரே ராத்திரியில், ஒரே மேடையில், அதே ஊர்க்காரர்கள் முன்னால். நாளைக்குக் காலையில் அதே தெருவில் தண்ணிக் குடத்தோடு நடக்க வேண்டும். ஈஸ்வரி வாய்ஸில் பாடிய மறுநாள் தெருவில் என்ன நடந்தது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. பத்துப் பேரிடமும் திரும்பப் போய்க் கேட்கப் போகிறேன். வத்தலக்குண்டில் இருக்கும் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது, முதலில் அவரிடம். வருகிற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

ஆய்வேடு போடப் பணம் கட்டியவரிடம் புரூஃப் மேசை எழுதியதைக் காட்டினேன். முன்பணம் போனது போனதுதான், மீதியைக் கட்டவில்லை.

மதிப்புரையைத் தொடங்கிவிட்டேன். ஆறு பக்கம் ஆகியிருக்கிறது. 'பிளேபேக்' என்பதைப் பின்னணி என்று எழுதும்போது பாடியவர் பின்னால் போய்விடுகிற மாதிரி ஒரு பொருள் தமிழில் மட்டும் சேர்ந்துகொள்கிறதே, அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். முடிந்ததும் இங்கேயே போடுகிறேன். ஐயா, நீங்கள்தான் முதலில் படித்துத் திருத்தித் தர வேண்டும். சிவப்பு மையிலேயே வட்டம் போடுங்கள்.